பரம்பிக்குளம் போகிறவர்களுக்கு

பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் வண்டி போகும் பாதை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாடு வழியாகத்தான். சேத்துமடையில் தமிழ்நாட்டு வனத்துறைச் சோதனைச்சாவடி, ஆனப்பாடியில் கேரள வனத்துறை. இரண்டு இடத்திலும் நின்று, பதிவு செய்துதான் போக முடியும்.

செய்ய வேண்டியவை

• கோடையில் கிளம்புமுன் காடு திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். தீ அபாயம் கூடினால் மூடிவிடுவார்கள்.

• பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

• வழிகாட்டியின் பேச்சைக் கேளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். காடர், மலசர், முதுவர் மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கிறவர்கள். வழிகாட்டிகளில் பலரும் அவர்கள்தான். முறிந்த மூங்கிலையும் ஈரம் காயாத சாணத்தையும் பார்த்தே யானை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். "இங்கே இறங்காதீங்க" என்றால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

• காப்பகத்துக்குள் தூணக்கடவுப் பக்கம் நிற்கும் கன்னிமரா என்ற தேக்கு மரத்தைக் கட்டாயம் பாருங்கள். வயது 450 ஆண்டுக்கு மேல் என்கிறார்கள். ஐந்து பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும். சுற்றிலும் நிற்கும் தேக்குகளோ, இயற்கைக் காட்டை வெட்டிவிட்டு வரிசையாக நட்டவை. அழிந்தது எவ்வளவு என்பது அங்கே நின்றால் புரியும்.

செய்யக்கூடாதவை

• இருசக்கர வண்டியில் போகாதீர்கள். உள்ளே விட மாட்டார்கள்.

• சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை அடித்து அடித்து அணைக்காதீர்கள், ஓரமாக நுழைந்து முந்தப் பார்க்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். குட்டி இருந்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். அதன் வழியில் வந்திருப்பது நாம். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

• காப்பகத்துக்குள் இருக்கும் அணைகளின் தண்ணீரில் கால் நனைக்கவும் இறங்காதீர்கள். முதலை உண்டு.

• குரங்குக்கு முறுக்கு, பிஸ்கட் போடாதீர்கள். ஒருமுறை ருசி கண்டால் சாலையோரத்தை விட்டு நகராது. பிறகு வண்டிச் சக்கரத்தில்தான் சாகும்.

• பழங்குடி மக்களின் வீட்டையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நம் வாசலில் யாரோ வந்து அப்படி எடுத்தால் சும்மா இருப்போமா?

• மது, பிளாஸ்டிக் பை, பீடி, தீப்பெட்டி எதுவும் வேண்டாம். மாசி, பங்குனியில் தேக்கிலை முழுக்க உதிர்ந்து சருகாகக் கிடக்கும். ஒரு பீடித்துண்டு விழுந்தால் மலையே பற்றிக்கொள்ளும்; பச்சைத் தழையை ஒடித்து அடித்து அதை அணைக்க ஓடுகிறவர்கள், காலையில் உங்களுக்கு வழிகாட்டிய அதே மனிதர்கள்.