என்பும் நிணநீரும்

செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் நாடு என்பர். மழைநீர் சிறு கால்களாய் ஓடி ஓர் ஏரியை அடையும். அது நிரம்பினால் கலிங்கின் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். வண்டல் அடியில் தங்கிவிடும். பாலாறோ அங்ஙனம் அன்று. மாரிக்காலத்தில் வெள்ளம் பெருகின், அது சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே கடலிற் சென்று கலந்துவிடும்.

மனித உடலிலும் இவ்விருவகை ஓட்டங்களும் உள. குருதி ஆறு போன்றது. தசைகளினிடையே கசியும் நீரைத் திரட்டிச் செல்வன நிணநீர்க் குழாய்கள். அவற்றின் இடையிடையே அவரைவிதை போன்ற கணுக்கள் ஏரிகளாய் அமைந்து, நோய்க்கிருமிகளைத் தடுத்து நிறுத்துகின்றன. மார்பகம், வாய் முதலியவற்றில் தோன்றும் புற்றுநோய் பரவுங்கால் பெரும்பாலும் முதலில் இக்கணுக்களிலேயே தங்கும்.

என்பிலே பிறக்கும் புற்றுநோயின் போக்கு வேறு. என்பினுள் நிணநீர்க் குழாய்களே இல்லை என்று நெடுங்காலம் கருதினர். சில உண்டென அண்மை ஆராய்ச்சி காட்டுகிறது. மச்சையிலோ மெல்லிய சுவருடைய குருதி நாளங்கள் நிறைந்துள்ளன. நோயணுக்கள் அவற்றுட் புகுந்து, இதயம் வழியாகச் சென்று, நுரையீரலின் நுண்ணிய வலையில் அகப்பட்டு அங்கே வேரூன்றும். கணுக்களை அடைவது நூற்றுவரில் பதின்மருக்கும் குறைவே. கட்டி என்பின் புறச்சுவரை உடைத்துத் தசையிற் பரவினால், அங்குள்ள நிணநீர்க் குழாய் அதற்கு வழியாகும். அவ்வாறு கணுவை அடைந்தது உறுதியானால், நோய் நான்காம் நிலை எனக் கொள்ளப்படும். காலில் புண் வந்தாலும் தொடையிடுக்கில் நெறி கட்டும். ஆதலின் நெறியெல்லாம் புற்றுநோய் ஆகாது.

என்புப் புற்றுநோய்களுள் முதன்மையானது பத்து முதல் இருபது அகவையினரையே மிகுதியும் பற்றும். அதுவும் முழங்காலைச் சுற்றியே. மாமல்லபுரக் கடற்கரை மணலில் பந்தாடும் சிறுவன் கால் நோகிறது என்றால், 'எங்கேனும் விழுந்திருப்பாய்' என்று தைலம் தேய்த்து உருவிவிடுவர். அதனால் திங்கள் இரண்டு மூன்று கழிந்துவிடும். இரவிலும் உறங்கவொட்டாத வலியும், வாரக்கணக்கில் தணியாத வீக்கமும் இருப்பின், உருவுவதை விட்டு ஊடுகதிர்ப் படம் எடுத்தல் வேண்டும். அதற்குச் செங்கற்பட்டிலேயே 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. கடற்கரைச் சாலை வழியே வடக்கே சென்றால் அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அங்கே பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையம் இன்று பெரிதாய் வளர்ந்து நிற்கிறது.

1970க்கு முன்னர்க் காலையே வெட்டி எடுத்தும் ஐவரில் நால்வர் பிழைத்திலர். கண்ணுக்குப் புலப்படாத அணுக்கள் அதற்குள் குருதி வழியே நுரையீரலை அடைந்திருந்தமையே காரணம். குருதியிற் கலக்கும் மருந்துகள் வந்தபின், பரவுமுன் கண்டறியப்பட்டு முழுமையாக மருத்துவம் பெறுவோருள் மூவரில் இருவர் அளவு பிழைக்கின்றனர். பலருக்குக் காலை வெட்டாமல், நோயுற்ற என்பை மட்டும் நீக்கி உலோக என்பு பொருத்துகின்றனர்.