56 ஏ.பி.ஓ.வுக்குக் கடிதம் போட்டவர்கள்

பாவூர்சத்திரத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கென்று தனிக் காலனி எதுவும் கிடையாது. சென்னை சாலிகிராமத்தில் பரமேஸ்வரன் விஹார் இருக்கிறது. 1978-ல் தொடங்கிய ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு கட்டியது. லண்டனில் இரண்டாம் சார்லஸ் மன்னர் 1682-ல் தொடங்கிய செல்சீ ராயல் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெயர்தான் ஆஸ்பத்திரி, சிவப்புக் கோட்டு போட்ட முன்னாள் சிப்பாய்கள் இன்றும் அங்கே ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். அங்கே சேர வேண்டுமானால் பட்டாளத்துப் பென்ஷனை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். இதை எங்கள் டீக்கடையில் சொன்னபோது ஒரு சுபேதார் அண்ணாச்சி, "அப்போ வீட்டுல உலை வைக்கது யாரு?" என்று கேட்டார்.

எங்கள் குடியிருப்பு சிதறிக் கிடப்பது. ஆவுடையானூரில் சில வீடு, குறும்பலாப்பேரியில் சில, கீழப்பாவூர் குளத்துக்கரைப் பக்கம் சில. தென்காசி சாலையில் பஸ் ஏற வரும்போதும், மார்க்கெட்டில் காய் வாங்கும்போதும் பார்த்துக்கொள்வோம். திருநெல்வேலி கேண்டீனுக்குப் போகிற நாளில் பாதிப் பேர் ஒரே பஸ்ஸில் இருப்போம். நான் மதராஸ் ரெஜிமெண்டில் கிளார்க்காக இருந்து வந்தவன். ஊருக்கு வந்த பிறகும் என் உத்தியோகம் ஓயவில்லை. யார் வீட்டுக் காகிதப் பையும் கடைசியில் என் திண்ணைக்குத்தான் வரும்.

அப்படிக் காகிதம் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஓய்வுபெற்ற ராணுவத்தினர் கூட்டம் என்றால் மீசைக் கிழவர்கள் என்றுதான் ஊருக்கு நினைப்பு. ஆனால் வருஷா வருஷம் ஆண்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மிச்சம் இருப்பது பாரக்ஸ் வாசலையே மிதிக்காத பெண்கள். தாலி கட்டிய நாளில் பட்டாளத்துக்குள் வந்தவர்கள். சங்கம் என்று ஒன்று நடத்தினால் அவர்களுக்காகத்தான் நடத்த வேண்டும். நாங்கள் பழங்கதை பேசுவதற்கு டீக்கடையே போதும்.

முதல் வேலை, கணவர் உயிரோடு இருக்கும்போதே பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணையை எடுத்துப் பார்ப்பது. அதில் மனைவி பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா? இருபது வயதுப் பையன் லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டு யூனிட்டுக்குப் போய், வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லியிருப்பான். வடநாட்டுக் கிளார்க் தன் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதியிருப்பான். முப்பிடாதி ராஜாத்தி ஆகியிருப்பாள். பேச்சியம்மாளுக்கு ஓர் எழுத்து போயிருக்கும். கணவர் இருந்தால் அவர் கையெழுத்தோடு ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்த ஆணை வாங்குவது சுலபம். அவர் போன பிறகு, நான்தான் அவர் பெண்டாட்டி என்று அந்தம்மா காகிதம் காகிதமாக நிரூபிக்க வேண்டும். துக்க வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலையா அது?

பிறந்த தேதியை விட்டுவிடுகிறார்கள். 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தோடு 20 சதவீதம் சேரும்; 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. ஆணையில் பிறந்த தேதி இல்லாத ஆச்சிக்கு எண்பது ஆனது பிரயாக்ராஜில் இருக்கிற கணக்கு அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? அதேபோல, கம்யூட் செய்த பகுதி, அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட பென்ஷன் பங்கு, 15 வருஷத்தில் திரும்ப வந்துவிட்டதா என்று பாருங்கள். பென்ஷனில் வந்தவர் இறந்தால், ஏழு வருஷம் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள், இதில் எது முந்தியோ அதுவரைதான் குடும்ப ஓய்வூதியம் கூடுதல் விகிதத்தில் வரும். அதற்குப் பிறகு குறையும். குறைந்ததும் பேங்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லி வைத்துவிடுவேன்.

வாழ்வுச் சான்று எங்கள் பக்கம் தனித் தலைவலி. இங்கே பெரும்பாலான பெண்கள் காலமெல்லாம் பீடி சுற்றியவர்கள். இலையும் தூளும் உருட்டி உருட்டி விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். "யய்யா, மெஷினு என் கைய வேண்டாங்குது" என்று ஓர் ஆச்சி கையை விரித்துக் காட்டினார். உயிரோடு எதிரில் நிற்கிறவர் உயிரோடு இல்லை என்று அந்தச் சின்னப் பெட்டி சொல்கிறது. 2021-ல் போனிலேயே முகம் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி வந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கு அரசு செய்த எத்தனையோ காரியத்தில் இதை நான் மேலே வைப்பேன். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஒருதரம் கண்ணை மூடித் திறக்கச் சொன்னால் போதும். பேரன் பேத்தி யாராவது ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் தெருவுக்கே ஆகும்.

பாரம்பரியம் என்று வந்தால் மெடலையும் போட்டோவையும்தான் எல்லோரும் எடுத்து வைக்கிறார்கள். அதிலும் கவனம் வேண்டும். பழைய மெடலைப் பழைய பித்தளையோடு எடைக்குப் போடுவதற்கு முன்னால் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்; பெரும்பாலும் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கும். 1965-க்குச் சமர் சேவா ஸ்டார், 71-க்குப் பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார் என்று எந்தச் சண்டை, எந்தத் திசை என்பதை மெடலே சொல்லிவிடும். போட்டோவின் பின்னால் பென்சிலில் பெயர் எழுதுங்கள். பேனா மை நாளாவட்டத்தில் முன்பக்கம் ஊறும்.

ஆனால் மெடலில் இல்லாத சரித்திரம் பெண்களிடம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா தன் வீட்டுக்காரரின் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், பட்டாலியன், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் ஆபீஸ் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அவர் காஷ்மீரில் இருக்கிறாரா, நாகாலாந்தில் இருக்கிறாரா என்பது அந்த அட்ரஸில் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பையனைக் கூட்டிவந்து கடிதத்தைப் படிக்கச் சொல்லி, அவனையே பதில் எழுதவும் சொல்லி, சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லாமல் விட்டு ஒட்டி அனுப்பிய கதைகள். மணியார்டர் வந்த நாள்கள். அந்த ஆர்மி நம்பர் இன்றைக்கும் பென்ஷன் வேலைக்கு வேண்டும். எழுதிக்கொள்ளும்போது கூடவே கதையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்பதிலும் ஒரு பதம் இருக்கிறது. 1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர்கள் எங்களில் உண்டு. சாலிகிராமத்துக் குடியிருப்புக்குப் பெயர் தந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ல் அங்கேதான் இறந்தார். பரம் வீர் சக்கரம் பெற்றவர். ஆயிரத்துக்கும் மேல் சிப்பாய்கள் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு இங்கே மாலையும் மேளமும் இல்லை. தன் மொழி பேசுகிற ஊரில் துப்பாக்கியோடு நடந்த தமிழ்ச் சிப்பாயிடம், "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று காலேஜ் பையன் கேட்டால், எழுந்து போய்விடுவார். சாப்பாடு எப்படி, மழை எப்படி, பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருந்தார் என்று கேளுங்கள். அங்கிருந்து அவராக வந்தால் வரட்டும். வராவிட்டால் அதையும் மரியாதையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. சரித்திரம் பதிவாக வேண்டும் என்று வாதாடுகிற நண்பர்களும் இருக்கிறார்கள்.

சாவு வீட்டில் உணர்ச்சிவசப்பட்டுத் தேசியக் கொடியைப் போர்த்த வேண்டாம். அரசு மரியாதை, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு தவிர மற்றவற்றுக்கு 2002 கொடி விதியில் இடமில்லை. நாங்கள் மலர் வளையம் வைத்து, தொப்பி போட்டு, ஒரு சல்யூட் அடிப்போம். கேண்டீன் சரக்கைப் பற்றியும் ஒன்று: கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையோடு காலி பையையும் கொண்டுவருவார்கள். சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லப் பழகுங்கள். வெளியாருக்குக் கைமாற்றினால் கார்டே போய்விடும்.

இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு விதவைப் பெண்களையும் கூப்பிடுகிறோம். அவர்கள் பெயரிலேயே கேண்டீன் கார்டும் இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையும் வாங்கலாம் என்பது பலருக்கு அங்கே வந்துதான் தெரிகிறது. நேரத்தில்தான் தகராறு. நாலு மணி என்றால் நாலுக்கு ஆரம்பிக்க வேண்டும் என்கிறார் சுபேதார் அண்ணாச்சி. வீட்டு வேலை முடித்து, தட்டில் கிடக்கிற பீடியைக் கட்டி வைத்துவிட்டு நாலரைக்குத்தான் வர முடியும் என்கிறார்கள் பெண்கள். போன முறை அண்ணாச்சி நாலு மணிக்கே ஆரம்பித்து எங்கள் மூன்று பேருக்கு வரவேற்புரை ஆற்றினார். அடுத்த கூட்டம் நாலரைக்கு என்று நோட்டீஸ் எழுதிவிட்டேன். அவரிடம் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை.