புது இடத்தில் குதிரையைப் பழக்கும் முறை

குதிரை பலத்தில் பெரிய பிராணியாயினும் சுபாவத்தில் மிக்க அச்சமுடையது. வெட்டவெளியில் மேய்ந்து, பகை கண்டால் ஓடிப் பிழைத்த இனம் அது. ஆகையால் அறியாத பொருளைக் கண்டு மிரளுவது அதன் குற்றமன்று; இயற்கையேயாம்.

திருவள்ளூர் ஜில்லாவில் இவ்விஷயம் பெரிதும் கவனிக்கத்தக்கது. வயலும் ஏரிக்கரையுமே கண்டு வளர்ந்த குதிரையைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்தால், சென்னை–கல்கத்தா ராஜபாட்டையின் லாரிகளும், ரயிலின் ஊதலும், சிப்காட் தொழிற்பேட்டையின் இயந்திர ஓசையும் அதற்கு முற்றும் புதியன. சங்கத்தில் கடன் பெற்று ஓர் அங்கத்தினர் வண்டிக் குதிரை வாங்கி, மறுநாளே ராஜபாட்டையில் ஓட்டுகிறார் என்று கொள்வோம். லாரியின் சப்தத்திற்கு அது மிரண்டோடினால் ஆளுக்கும் பிராணிக்கும் அபாயம், வண்டி முறியும், கடன் மாத்திரம் நிற்கும்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து ஆண்டுதோறும் வந்திறங்கிய குதிரைகளிற் பல, பராமரிப்பு அறியாமையால் மாண்டன என்று எழுதியுள்ளார். கிரேக்கப் படைத்தலைவர் ஸெனோபனோ 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே, இளங்குதிரையை ஜனக்கூட்டத்தினூடே நடத்திப் பல காட்சிகளுக்கும் ஓசைகளுக்கும் பழக்கவேண்டும் என்றும், அது அஞ்சினால் சாந்தப்படுத்தவேண்டும் என்றும் போதித்தார். அம்முறையே இன்றும் சிறந்தது. அதன் படிகளாவன:

1. தீனி. முதற் சில தினங்கள் வேலை வாங்கலாகாது. பழைய இடத்துத் தீனியிற் கொஞ்சம் கொண்டுவந்து, புதுத்தீனியைச் சுமார் பத்து தினங்களிற் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுக. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. திடீர் மாற்றத்தால் வரும் வயிற்றுவலி உயிருக்கே அபாயமாகலாம்.

2. அணுகுதல். கண்கள் பக்கங்களில் அமைந்திருப்பதால் மூக்கிற்கு நேர் முன்னும் வாலிற்கு நேர் பின்னும் அதற்குத் தெரியா. குரல் கொடுத்துக்கொண்டே தோட்பக்கமாகச் செல்க.

3. நடத்துதல். பழகிய நிதானமான குதிரையொன்றைத் துணையாக்கி, கயிற்றிற் பிடித்து முதலில் ஊர்த்தெருவிலும், பின் கடைவீதியிலும், பின் ராஜபாட்டைக்கு எட்டவும் நடத்துக. காதை விறைத்து மூக்கை விரித்தால் அங்கேயே நிறுத்துக. தலை தாழ்த்தி வாயை மென்றால் மட்டும் அடுத்த அடி வைக்கலாம். ஒரு பொருளை இடப்புறமாகக் காட்டியபின் வலப்புறமாகவும் காட்டுதல் அவசியம்.

4. மிரண்டால். சாட்டை கூடவே கூடாது. அடித்தால் வலியையும் லாரியையும் சேர்த்தே நினைவில் வைக்கும். சற்று விலகி நின்று, பிடரியின் அடியிற் சொறிந்து கொடுக்க. இதனால் குதிரையின் நாடித்துடிப்பு தணிகிறதென 1993-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று.

தினம் அரைமணி நேரம் போதும். நன்றாயிருக்கும்போதே அப்பியாசத்தை முடித்து லாயத்திற்குத் திரும்புவது நலம்.

சங்கத்தாரும் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பிராணி வாங்கக் கடன் கொடுக்கையில், பழக்கும் நாட்களையும் கணக்கிட்டு முதல் தவணையைச் சற்றுத் தள்ளி வைத்தல் நன்று. தவணைக்கு அஞ்சுபவன் குதிரையை அவசரப்படுத்துவான். ஒரே நாளில் கெட்ட நம்பிக்கை ஒரு மாதத்திலும் எளிதில் மீளாது. சில வாரங்கள் பொறுத்த குதிரைக்காரனோ பல்லாண்டு அதனால் ஜீவிப்பான். சங்கத்தின் பணமும் பத்திரமாயிருக்கும்.