பணம் இருந்தும் ஊசி வேண்டாம் என்பது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கட்டியிலிருந்து எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். 'கேராஸ் மியூட்டேஷன் இருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்ததும், செடக்சிமாப் ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களால் செலவு செய்ய முடியாது என்று நினைக்கிறாரா? எப்படியாவது பணம் புரட்டிவிடுவோம். இந்த மியூட்டேஷன் எனக்கும் தம்பிக்கும் வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பணம் காரணமல்ல, அம்மா. கடன் வாங்கிப் போட்டாலும் அந்த ஊசி உங்கள் அப்பாவுக்குக் கேட்காது.

குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். 'பெருகு' என்று அந்தச் செல்களுக்குச் சொல்பவை வளர்ச்சிக் காரணிகள். அவற்றில் ஒன்றான இ.ஜி.எஃப்-ஐக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. இ.ஜி.எஃப் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் வந்து ஒட்டும். உடனே உள்ளே ராஸ் என்ற புரதம் விழித்து, ராஃப், மெக், எர்க் வழியாகச் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குக் கடத்தும். வேலை முடிந்ததும் ராஸ் அடங்கிவிடும்.

செடக்சிமாப் செய்வது அந்த ஏற்பியை அடைப்பது. ஆனால் ராஸை உருவாக்கும் கேராஸ் மரபணு பழுதானால், ஏற்பி சொல்லாமலே ராஸ் ஓயாமல் செய்தி அனுப்பும். உள்ளே ஒயர் ஒட்டிக்கொண்டு அழைப்புமணி அலறும்போது வாசல் சுவிட்சை மூடி என்ன பயன்?

பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தினருக்கு இந்தப் பழுது உண்டு. 2004-இல் அமெரிக்காவில் செடக்சிமாபுக்கு அனுமதி கிடைத்தபோது, பழுதின் விளைவு தெரியாமல்தான் கொடுத்தார்கள். பழுதுள்ளவர்களுக்குப் பலனில்லை என்று 2008-இல் ஆய்வுகள் காட்டிய பிறகே சோதனை கட்டாயமானது. பலன் இல்லாவிட்டாலும் முகப்பரு போன்ற தடிப்பு, மக்னீசியக் குறைவு போன்ற தொல்லைகள் வரத்தான் செய்யும்.

இதனால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். கீமோதெரபியோடு பெவாசிசுமாப் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அது கட்டிக்கு இரத்தக்குழாய் வளரத் தூண்டும் வேறொரு காரணியைத் தடுப்பதால், கேராஸ் பழுது அதற்குத் தடையல்ல. கல்லீரல் கட்டிகளை அறுவை செய்து எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். ரிப்போர்ட்டில் பழுதின் வகை 'ஜி12சி' என்று இருந்தால் சொட்டோராசிப் போன்ற புதிய மருந்துகள் உள்ளன. ஆனால் அது நூற்றில் மூன்று நான்கு பேருக்குத்தான் இருக்கும்.

உங்கள் இரண்டாவது கவலைக்கு வருகிறேன். இந்தக் கேராஸ் பழுது கட்டியின் செல்களில் பிற்பாடு உண்டானது, பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. ஆனால் பெற்றோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்தாலே பிள்ளைகளுக்கு வாய்ப்பு சற்றுக் கூடும். ஆகவே நீங்களும் தம்பியும் 40 வயதில் கொலனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். அந்த வயதைத் தாண்டியிருந்தால் இப்போதே.

அதோடு, அப்பாவின் கட்டியில் 'எம்எம்ஆர்' சோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். பரம்பரையாக வரும் லின்ச் நோய்க்கூறு இருக்கிறதா என்று சந்தேகிக்க உதவுவது அதுதான். அதில் குறை தெரிந்தால் அப்பாவுக்கு இம்யூனோதெரபி நல்ல வழியாகலாம். உங்களுக்கும் தம்பிக்கும் மரபணுப் பரிசோதனை, இன்னும் இளவயதிலேயே கொலனோஸ்கோபி தேவைப்படலாம்.