ஜன்னல் வழியே ஒரு திரை

1987-ஆம் ஆண்டில் ஐபிஎம் கம்பெனியார் பிஎஸ்/2 கணினிகளோடு வெளியிட்ட வீஜிஏ அமைப்பில், 320-க்கு 200 என்ற அளவில் 256 நிறங்களைத் தரும் முறை எங்களைப் போன்ற புரோகிராம் எழுதுவோருக்கு மிகவும் பிரியமானதாக இருந்ததற்குக் காரணம், அந்தப் படம் முழுவதும் 64,000 பைட்டுகளில் அடங்கி, டாஸில் கார்டின் மெமரிக்கென்று விடப்பட்டிருந்த 65,536 பைட் ஜன்னலுக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டதே. வரிசையை 320-ஆல் பெருக்கிப் பத்தியைக் கூட்டி நிறத்தின் எண்ணை எழுதினால் புள்ளி விழும். அதற்குமேல் சாஸ்திரம் ஒன்றுமில்லை.

சூப்பர் வீஜிஏ கார்டுகள் வந்து, 640-க்கு 480 என்ற அளவிலும் அதே 256 நிறங்கள் கிட்டியபோது, படம் 307,200 பைட்டாக வளர்ந்துவிட்டது, ஜன்னலோ வளரவில்லை. ஆகவே படத்தை ஐந்து பேங்குகளாகப் பிரித்து, வேண்டிய பேங்கை ஜன்னலுக்கு நேரே நகர்த்தி எழுத வேண்டியதாயிற்று. நகர்த்தும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்ட அந்த அராஜகத்தை வெஸா சங்கத்தாரின் பொதுவான பயாஸ் விதி பெருமளவு தீர்த்து வைத்தது.

ஆனால் அவ்விதியிலும் கவனித்தே தீரவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஜன்னலின் அளவு வேறு, அது நகரும் படியின் அளவு வேறு. சில கார்டுகளில் படி 64 கிலோபைட், சிலவற்றில் 4 கிலோபைட்டே. பின்னதில் அடுத்த பேங்குக்குப் போக 1 என்று சொன்னால் போதாது, 16 என்று சொல்லவேண்டும். திரையின் மேல் கால் பாகத்தில் படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் குழம்பி, கீழ் முக்கால் பாகம் வெறிச்சென்று கிடந்தால், வேறெங்கும் தேடாமல் முதலில் இந்தப் படியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த அளவை பயாஸிடமே கேட்டுப் பெறலாம், ஊகிப்பது வீண்.

அடுத்தது வேகம். ஒவ்வொரு புள்ளிக்கும் பேங்கைச் சோதிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது அநாவசியமான பிரயாசை. 480 வரிசைகளில் பேங்கின் எல்லையால் நடுவே வெட்டுப்படுபவை 102, 204, 307, 409 ஆகிய நான்கே (பூஜ்யத்திலிருந்து எண்ணினால்). அவற்றை மட்டும் இரண்டு துண்டாக எழுதிவிட்டு, ஏனையவற்றை நேராக நகலெடுக்கலாம். இன்னும் நேர்த்தியான உபாயம், ஒரு வரிசையின் நீளத்தை 640-க்குப் பதிலாக 1,024 பைட் என்று கார்டுக்குச் சொல்லிவிடுவது. பேங்குக்குச் சரியாக 64 வரிசைகள் அமைந்து, எந்த வரிசையும் வெட்டுப்படாததோடு, பெருக்கலும் ஒழிந்து பிட்டுகளை நகர்த்துவதோடு கணக்கு முடிகிறது. வலப்புறம் மெமரி வீணாகிறதே என்று லோபித்தனம் கொள்ளவேண்டியதில்லை. 491,520 பைட்டுகள் 512 கிலோபைட் கார்டில் அடங்கும், ஒரு மெகாபைட் கார்டிலோ இரண்டு பக்கங்களே அடங்கும். கார்டு அந்த நீளத்தை ஒப்புக்கொண்டதா என்று திரும்பக் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

பேங்கை மாற்ற ஒவ்வொரு முறையும் பயாஸ் இன்டரப்டை அழைப்பதைக் காட்டிலும், கார்டு தரும் முகவரிக்கு நேராக ஃபார் கால் செய்வது துரிதமானது. மாற்றும் வேலையை ஒரே ஃபங்ஷனுக்குள் வைத்திருந்த காரணத்தால், 1994-இல் வெஸாவின் இரண்டாம் பதிப்பு வந்து, புரொடெக்டட் மோடில் மெமரி முழுவதும் ஒரே நீட்சியாகக் கிடைத்தபோது, நான் மாற்றவேண்டியிருந்தது அந்த ஃபங்ஷனையும் முகவரிக் கணக்கையும் மட்டுமே.