சாரல் சீசனில் பைக் விண்ட்ஷீல்டு: முதலில் தண்ணீர், பிறகுதான் துணி

குற்றாலத்தில் சீசன் களைகட்டத் தொடங்கிவிட்டது. ஆரியங்காவு கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை எங்கும் சாரலைத் தூவிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்ட் வரை இப்படித்தான் போகும்: கொஞ்சம் சாரல், கொஞ்சம் இளவெயில், இடையில் ஆளைத் தள்ளும் காற்று. அருவிக்கு வருகிறவர்களுக்கு இது கொண்டாட்டம். பைக்கின் முன்னால் இருக்கும் விண்ட்ஷீல்டுக்கும் ஹெல்மெட் வைசருக்கும் சோதனைக் காலம்.

காரணம் சாரலேதான். அடைமழை என்றால் தூசியை அடித்துக்கொண்டு போய்விடும். சாரல் நனைக்கும், கழுவாது. தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் லாரிகளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் போய்ப் பாருங்கள். விண்ட்ஷீல்டில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு படிந்திருக்கும். விரலில் எடுத்து நசுக்கினால் நறநறவென்று இருக்கும். அது கருங்கல் தூள். அதிலுள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. ஜன்னல் கண்ணாடியே 5.5 அளவில்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் அதற்கும் வெகு கீழே. பாதையோரம் நிறுத்தி, கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கணக்கு. துடைத்த கையோடு பளிச்சென்றுதான் தெரியும். அன்று இரவு எதிரே பஸ் வரும்போது ஹெட்லைட் வெளிச்சம் கோடு கோடாகச் சிதறிக் கண்ணை மறைக்கும். அப்போதுதான் உறைக்கும்.

ஆகவே இந்த சீசன் முடியும்வரை ஒரே கட்டுப்பாடு: தண்ணீர் ஊற்றாமல் துணியை வைக்காதீர்கள். பைக்கில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும். அவசரத்துக்கு மேலிருந்து கீழாக ஊற்றினாலே பாதிச் சேறு இறங்கிவிடும். மீதி கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்து வீடுவரை ஓட்டுங்கள். பாதையே தெரியாத அளவுக்கு மங்கினால் ஓரங்கட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்தபின் நிதானமாகச் செய்யலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக்கின் சூடு ஆறட்டும். பழைய பருத்தித் துணியை நன்றாக நனைத்து விண்ட்ஷீல்டின் மேல் போர்த்தி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். சுந்தரபாண்டியபுரம் பக்கம் வயல்களுக்கு நடுவே மாலையில் வந்தால் முகப்பெல்லாம் பூச்சி அப்பிக் கிடக்கும் இல்லையா, அது காய்ந்தபின் சுரண்டினால் போகாது, ஊறினால் தானே கழன்றுவிடும். பிறகு நிறையத் தண்ணீர். அதற்குப் பிறகு ஒரு குவளைத் தண்ணீரில் சில சொட்டு சாதாரண ஷாம்பு கலந்து, வெறும் உள்ளங்கையால் தடவுங்கள். துணியில் மாட்டிய மணல் நமக்குத் தெரியாது. உள்ளங்கையில் ஒரு துகள் உருண்டாலும் உடனே தெரியும், மறுபடி தண்ணீர் ஊற்றலாம். கடைசியில் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை ஒற்றி எடுங்கள், வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டாம். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அப்படியே காயவிட்டீர்களானால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். உடனே ஒற்றிவிடுங்கள்.

எதை எடுக்கக் கூடாது என்பதில்தான் நம் வீடுகளில் அதிகத் தவறு நடக்கிறது. பாத்திரம் தேய்க்கும் பவுடர், சோப்புக்கட்டி, ஸ்க்ரப்பர் மூன்றும் கூடாது. நாளிதழைக் கசக்கித் துடைப்பது கண்ணாடி அலமாரியோடு நிற்கட்டும். ஜன்னலுக்கு அடிக்கும் நீல ஸ்ப்ரேயையும் விண்ட்ஷீல்டு, வைசர் மேல் அடிக்காதீர்கள். பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் இவை பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக். அம்மோனியா, ஸ்பிரிட், பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எல்லாம் இவற்றுக்கு ஆகாதவை. அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் உள்ளுக்குள்ளேயே ஓடும். பாலிகார்பனேட் பால் படிந்தது போல வெளிறும். தார்ப் புள்ளியைப் பெட்ரோலால் எடுக்கும் வழக்கம் டேங்க்குக்குச் சரி, விண்ட்ஷீல்டுக்குச் சரியல்ல.

வாட்டர் வாஷுக்கு விடும்போது கூடவே நில்லுங்கள். செயின், இன்ஜின் அழுக்குப் போக டீசல் அடிப்பது பல இடங்களில் வழக்கம். அந்த ஸ்ப்ரே காற்றில் முன்பக்கம்வரை வரும். துடைப்பதும் டயர் துடைத்த அதே பனியன் வேஸ்டால்தான். “தம்பி, முன்னாடி நான் பாத்துக்கிடுதேன், நீங்க அங்க துணி வைக்காண்டாம்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

அருவிக்கரையில் வேறு வகைத் தொல்லை. குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் முடித்துவிட்டு வருகிற கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அந்தக் கையோடு வைசரைத் தூக்கினால் விரல் பட்ட இடமெல்லாம் இரவில் மங்கும். பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டு வந்த கைக்கும் இதே விதிதான். இன்னொன்று பலருக்குத் தெரியாது: கொசுவுக்குப் பூசும் கிரீம்கள் பலவற்றில் இருக்கும் டீட் என்ற பொருள் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கவே செய்யும். பூசியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஹெல்மெட்டைத் தொடுங்கள். மங்குஸ்தான், ரம்புட்டான் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். குரங்குக்குப் பழம் வேண்டும், அது ஏறி உட்கார உங்கள் விண்ட்ஷீல்டு வசதியான இடம்.

வண்டிக்கு உறை போடுகிறவர்கள் இந்த மாதங்களில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சேறு காய்ந்த வண்டிமேல் தார்ப்பாய் உறையைப் போட்டு, அது ஆடிக் காற்றில் இரவெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் காலையில் விண்ட்ஷீல்டு முழுக்கக் கீறல்தான். கழுவிவிட்டுப் போர்த்துங்கள், இல்லையென்றால் போர்த்தாமலே விடுங்கள். விண்ட்ஷீல்டில் சந்தனம், விபூதி வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: காய்ந்தால் அதுவும் தூள்தான். பூஜையை டேங்க்கோடு நிறுத்திக்கொண்டால் சாமி கோபிக்காது.

வைசரின் உள்பக்கம் தனிக் கதை. சாரலில் வெளியே குளிர், உள்ளே மூச்சுக்காற்றின் வெப்பம், அதனால் ஆவி பிடிக்கும். சில வைசர்களில் உள்பக்கம் ஆவி பிடிக்காத பூச்சு உண்டு. அதை அழுத்தித் துடைத்தால் பூச்சே போய்விடும். பூச்சு இல்லாத வைசரில் ஷாம்புத் தண்ணீரைத் துளி தடவி, காய்ந்தபின் மெல்ல ஒற்றினால் ஒரு நாளைக்குத் தாங்கும். ஓட்டும்போது வைசரை ஒரு விரல்கடை திறந்து வைப்பதும் உதவும். கார் கண்ணாடிக்கென்று விற்கும் மழைநீர் விரட்டிகளை வாங்கித் தடவாதீர்கள். பிளாஸ்டிக்குக்கு என்று அட்டையிலேயே எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

விண்ட்ஷீல்டு திருகுகளையும் இப்போதே ஒருமுறை பாருங்கள். காற்றின் அதிர்வில் அவை தளரும். தளர்ந்ததே என்று முழு பலத்தோடு முறுக்கினால் துளையிலிருந்து வெடிப்புக் கிளம்பும். ரப்பர் வாஷர் நைந்திருந்தால் மாற்றிவிட்டு, கைக்கு இறுக்கமாகத் தெரியும் அளவோடு நிறுத்துங்கள். திருகு கழலாமலிருக்க மெக்கானிக்குகள் விடும் லாக் திரவம் பாலிகார்பனேட்டைப் பிளக்கக்கூடியது, அங்கே வேண்டாம்.

ஏற்கெனவே விழுந்த கீறலுக்கு டூத்பேஸ்ட் வைத்தியம் ஊரெங்கும் சொல்லப்படுகிறது. பூச்சில்லாத அக்ரிலிக்கில் லேசான கீறலை பாலிஷ் போட்டுக் குறைக்க முடியும். பாலிகார்பனேட் இயல்பிலேயே எளிதில் கீறும் என்பதால் அதன்மேல் கடினமான பூச்சு ஒன்று கொடுத்திருப்பார்கள். தேய்த்தால் கீறலோடு அந்தப் பூச்சும் போகும், பிறகு இன்னும் வேகமாகக் கீறும். எது என்று தெரிய ஓரத்தைப் பாருங்கள். சிலவற்றில் பிசி என்றோ பிஎம்எம்ஏ என்றோ அச்சிட்டிருக்கும். முன்னது பாலிகார்பனேட், பின்னது அக்ரிலிக்.

ஒரு சோதனை செய்யுங்கள். இருட்டியபின் வண்டியை நிறுத்தி, சுத்தமான விண்ட்ஷீல்டு வழியாகவும் வைசர் வழியாகவும் தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றி வலைபோல ஒளி படர்ந்தால், விண்ட்ஷீல்டோ வைசரோ, அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஹெல்மெட் வைசர் பெரும்பாலும் சில நூறு ரூபாயில் கிடைக்கும். உங்கள் ஹெல்மெட் கம்பெனியுடையதையே, நிறமில்லாததாக வாங்குங்கள். கறுப்பு வைசர் பகலுக்கு மட்டும்தான். சாரல் இரவில் அதைப் போட்டுக்கொண்டு புளியரை வளைவில் இறங்காதீர்கள்.