வழியின் ஏதமும் விடுதியார் கடமையும்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணியின் மேற்பள்ளத்தாக்கு, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் அடங்கும். 1988இல் அமைந்த இதுவே தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். இதன் அடிவாரத்தில், பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரத்தில், 2024 மே மாதம் வனத்துறையினர் கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடித்தனர். உள்ளூரார் இத்தகைய செய்திகளை அறிந்து நடப்பர். அருவி காண வந்து ஓரிரவு விடுதியில் தங்குவோர் அறியார். அவர்க்கு அறிவிக்கும் கடமை யாருடையது என்பதே ஈண்டு நம் வினா.

வழியின் ஏதம் உரைத்தல் அகப்பாடல்களில் பயின்றுவரும் பொருளாகும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், தலைவன் இரவில் வரும் வழியை எண்ணித் தலைவி கலங்குவதைத் தோழி செவிலிக்கு உரைக்கிறாள். 'வழி கொடியது' என்று பொதுவாகக் கூறி அவள் அமையவில்லை. புலி, கரடி, களிறு, பாம்பு எனப் பெயர் சுட்டுகிறாள். முதலையைக்கூட முதலை, இடங்கர், கராம் என வகைப்படுத்துகிறாள். பெயர் சுட்டாத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது என்பது நாம் இங்குப் பெறும் பாடம்.

இப்பாடத்தின் அருமையை 2016 ஜூன் மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் நிகழ்ந்த துயரம் உணர்த்தும். டிஸ்னி நிறுவன விடுதியொன்றின் நீர்க்கரையில் இரண்டு வயதுக் குழந்தை முதலைக்கு இரையாயிற்று. அங்கிருந்த பலகை நீந்தக் கூடாது என்றதேயன்றி, முதலை உண்டு எனக் கூறவில்லை. குழந்தையோ நீந்தவில்லை, கரையோரத்தில்தான் இருந்தது. அதன் பின்னரே முதலையைப் பெயர் சுட்டிய பலகைகளும் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. நம் அண்டையிலும், 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் கூடார விடுதியில் தங்கிய பெண்ணொருவர் காட்டு யானையால் உயிரிழந்தார்.

வனவிலங்கு எம் கட்டுப்பாட்டில் இல்லை என விடுதியார் கூறலாம். உண்மையே, விலங்கின் செயலுக்கு அவர் பொறுப்பல்லர். தாம் அறிந்ததை மறைத்தால் அதற்குப் பொறுப்பாவர். கட்டணம் பெற்றுத் தங்க வைப்பது சேவையாகும். நுகர்வோர்க்குத் தெரிய வேண்டிய செய்தியை வேண்டுமென்றே மறைப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடாகவே கொள்கிறது.

எனவே எந்த விலங்கு, எவ்விடம், எப்பொழுது, என்ன செய்தல் கூடாது, யாரை அழைக்க வேண்டும் என்னும் ஐந்தையும் அறைச்சாவி தரும்போதே வாயாலும் கூறல் வேண்டும். பலகையிலும் எழுதல் வேண்டும். விருந்தினரும் அதனைக் கேட்டு நடத்தல் வேண்டும். விருந்தோம்பல் உணவோடும் உறையுளோடும் முடிவதன்று. வந்தவர் நலமாய் வீடு திரும்புவதும் அதனுள் அடங்கும். தமிழ் பயிலும் நம் மாணவர்கள் மலையடிவார விடுதிகளுக்கு இத்தகைய பலகைகளைத் தெளிந்த தமிழில் எழுதித் தருவார்களாயின், குறிஞ்சிப்பாட்டைக் கற்றதன் பயன் அதுவேயாகும்.